பழுதான அயன்பொக்ஸுக்கு மன்னிப்புக் கேட்டவள்

புனிதமலர் பரீட்சையில் பெயிலானது இத்தாலியன் தெரியாமல் அல்ல. பழுதான ஓர் அயன்பொக்ஸுக்காகக் கடைக்காரியிடம் மன்னிப்புக் கேட்டதால்.

கடைக்காரியாக நடித்தவள் பரீட்சை நடத்த வந்த பெண். "நேற்று வாங்கிய அயன்பொக்ஸ் சூடாகவில்லை, மாற்றித் தரும்படி கேளுங்கள்" என்பதுதான் வாய்மொழிப் பகுதியில் வந்த கேள்வி. மாற்ற முடியாது என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடிக்க, எங்கள் ஆள், "ஸ்கூசி சிஞ்ஞோரா, மன்னியுங்கள், என் பிழையாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கதிரையையும் ஒழுங்காகத் தள்ளிவைத்து எழும்பி வந்துவிட்டாள். எழுத்தில் நல்ல புள்ளி, கேட்டு விளங்குவதில் நல்ல புள்ளி, சண்டையில் பூச்சியம். அந்தப் பரீட்சைச் சான்றிதழ் இல்லாமல் இத்தாலியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

இதையெல்லாம் பாலேர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கும் என் பலசரக்குக் கடையில் நின்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்கிறியோ பிள்ளை? அதைச் செய்த கொம்பனிக்காரன்கூட உன்னளவுக்கு வெக்கப்பட்டிருக்க மாட்டான்."

"என்ன செய்யிறது அம்பலவாணர் அண்ணை, வாய் வரேல்லை."

வாய் எப்படி வரும்? மன்னார் பேசாலையிலிருந்து மகள் ஜூலியை ஒரு வயதில் புருசன் றொனியிடம் விட்டுவிட்டு வந்தவள். வந்த நாள் முதல் லிபெர்த்தா வீதியில் ஒரே வீட்டில் வேலை. சூப்பில் உப்புக் கூடினாலும் "ஸ்கூசி", வீட்டுக்காரி சிஞ்ஞோராவின் மகன் தன் கையாலேயே கிளாசை உடைத்தாலும் "ஸ்கூசி". அந்த வீட்டில் அவள் படித்த இத்தாலியன் முழுக்கக் குனிந்து நின்று படித்தது.

றொனியும் ஜூலியும் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். குடியுரிமை கேட்கப் பத்து வருசம் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். றொனிக்கு அது இன்னும் நிரம்பவில்லை, இவளுக்குத்தான் நிரம்பியிருக்கிறது. ஜூலிக்கு இப்போது பதினாலு. விண்ணப்பம் போட்டால் மூன்று வருசம் வரை கிடக்கும். மகளுக்குப் பதினெட்டு ஆகுமுன் தாய்க்குக் கிடைத்தால் மகளுக்கும் சேர்த்துக் கிடைக்கும். பிந்தினால் ஜூலியும் எங்களைப் போல பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பொலிஸ் வாசலில் விடிய முதல் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

"வேலை முடிய இஞ்சை வா," என்றேன். "நான் சண்டை பழக்கிறன்."

யாழ்ப்பாணம் பெரியகடையில் அப்பாவின் தராசுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். மாற்றித் தர மறுக்கும் கடைக்காரனாக நடிக்க எனக்கு ஒரு ஒத்திகையும் தேவைப்படவில்லை.

"மாற்ற முடியாது," என்றேன் இத்தாலியனில்.

"சரி," என்றாள்.

"என்ன சரி?"

"ஏலாது எண்டுறியள். பிறகென்ன கேக்கிறது?"

"உவள் நாகபூசணியைப் பார். போன கிழமை அழுகின தேங்காயொண்டைக் கொண்டுவந்து, கடை நிறைய ஆக்கள் நிக்க, மேசையிலை போட்டு உடைச்சவள். தேங்காய் என்ரை கடையிலை வாங்கினதுமில்லை. வாயை மூடிக்கொண்டு மாத்திக் குடுத்தனான்."

புனிதமலர் அதற்கும் சிரித்தாள். இந்தப் பெண்ணுக்கு நடிப்பு சரிவராது, உண்மையிலேயே கோபம் வரவேண்டும் என்று முடிவு செய்தேன். அடுத்த முறை அவளுக்குக் கட்டிக் கொடுத்தது, எறிவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த வண்டு விழுந்த அரிசி. கட்டாயம் பையோடு வந்து நிற்பாள், அப்போது இத்தாலியனில் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. நானே கேட்க வேண்டியதாயிற்று.

"அரிசி எப்பிடிப் பிள்ளை?"

"நல்ல அரிசி அண்ணை."

புழுத்த கருவாடு கொடுத்தேன். அதுவும் நல்லதாம். எனக்கு இரத்தம் கொதித்தது. பல்லறோ சந்தையில் மூன்று கத்தரிக்காய் வாங்குவதற்கே தொண்டை கிழியக் கத்துகிற ஊரில், இவள் எப்படி இத்தனை வருசம் உயிரோடு இருந்தாள்?

அடுத்த பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம் கடையில் நிற்கையில் அவளுக்குப் போன் வந்தது. சிஞ்ஞோராவுக்குக் காது மந்தம். அவள் பேசினால் கடைக்கே கேட்கும். நாளை மகன் மிலானோவிலிருந்து ஆட்களோடு சாப்பிட வருகிறான், காலையிலேயே வந்துவிடு, பரீட்சை எங்கேயும் ஓடிப்போகாது. இவளோ ஒரு மாதத்துக்கு முன்பே லீவு கேட்டு வைத்தவள்.

"சி, சிஞ்ஞோரா," என்று ஆமாம் போட்டாள். போனைப் பைக்குள் வைத்தாள். "அண்ணை, அரைக் கிலோ பருப்புத் தாங்கோ."

"பருப்போ? உனக்குப் பருப்போ?" என்று கத்தினேன். இஞ்சி பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பாலேர்மோக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். "நாளைக்கு ஜூலியின்ரை காரியமடி! ஒரு சட்டி பாஸ்தாவுக்கு அதைக் குடுக்கிறியோ? ஏமாளி! வேணுமெண்டு வண்டரிசி தந்தன், அதையும் நல்லதெண்டு சொன்னவள்தானே நீ!"

அவள் தலை நிமிர்ந்தது.

"தெரிஞ்சே தந்தனியளோ?"

"ஓம். உனக்கு வாய் வருதோ எண்டு பாக்க."

வந்தது. இத்தாலியனில் வந்தது. அதுவும் மரியாதை பிசகாமல், "சிஞ்ஞோரே" என்று தொடங்கி.

"சிஞ்ஞோரே, அந்த அரிசியிலிருந்த வண்டை என் மகள் வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டுப் பொறுக்கினாள். அந்தக் கருவாட்டால் என் கணவர் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. நாகபூசணிக்கு அதைக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். அவள் கத்துவாள். நான் கத்தமாட்டேன் என்று தெரிந்துதான் எனக்குத் தந்தீர்கள். அரிசி நல்லது என்று நான் சொன்னது, நல்லது என்று நினைத்து அல்ல. உங்கள் முகம் வாடக்கூடாது என்பதற்காக. உங்கள் முகம், சிஞ்ஞோராவின் முகம், அவருடைய மகனின் முகம்! என் பிள்ளை நடை பழகியபோது நான் இங்கே அந்த வீட்டுப் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தேன். அதற்கு யார் முகம் வாடியது? அரிசியை மாற்றுங்கள்."

நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஆட்களுக்கு முன்னால் வண்டு என்ற சொல் விழுந்தால் எந்தக் கடைக்காரனுக்கும் மூளை வேலை செய்யாது.

"மாற்ற முடியாது!" என்றேன். சத்தியமாக நடிக்கவில்லை.

"மாற்றுவீர்கள். இப்போதே."

"அவள் சொல்வது சரி," என்றாள் இஞ்சிக்காரிகளில் ஒருத்தி. மற்றவள் கையிலிருந்த இஞ்சியைத் திரும்பக் கூடைக்குள் போட்டாள்.

புனிதமலர் நான் விற்பதிலேயே நல்ல அரிசி எது என்று பார்த்து, அந்தப் பையைத் தானே தூக்கினாள். பிறகு போனை எடுத்தாள்.

"சிஞ்ஞோரா, நாளைக்கு நான் வரமாட்டேன். ஒரு மாதத்துக்கு முன்பே சொன்னேன்."

மற்றப் பக்கத்தில் ஒரு கூச்சல் கிளம்பியது. இவள் ஸ்கூசி சொல்லாமல் போனை அணைத்தாள். என்னையும் பார்க்கவில்லை, பருப்பையும் வாங்கவில்லை. அரிசியோடு போய்விட்டாள்.

மறுநாள் பரீட்சையில் வந்தது ஹோட்டல் அறையாம், குளிக்கச் சுடுதண்ணி வரவில்லையாம். அறையை மாற்றித் தருகிறேன் என்று பரீட்சைக்காரி இறங்கி வந்த பிறகும் இவள் விடவில்லை. முதலாளியைக் கூப்பிடு என்று நின்றாளாம். போதும் சிஞ்ஞோரா, பாஸ், என்று சொல்லித்தான் எழுப்பி அனுப்பினார்களாம்.

திங்கட்கிழமை லிபெர்த்தா வீதிக்கு வேலைக்குப் போனபோது அவளுடைய ஏப்ரனும் செருப்பும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் காவலாளியிடம் இருந்தன. மேலே ஏறக்கூட விடவில்லை. "குடும்பத்தில் ஒருத்தி" என்று விருந்தினருக்கெல்லாம் சொல்லிக் காட்டிய வீடு. இதை எனக்குச் சொன்னவன் றொனி. அவள் மூன்று கிழமை என் கடைப்பக்கம் வரவில்லை.

வந்தபோது சீசா என்ற பகுதியில் வேறொரு வீட்டில் வேலை பிடித்திருந்தாள். எந்தெந்த நாள் வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாளாம். சான்றிதழ் வந்து, விண்ணப்பமும் போட்டாயிற்று.

"கோவமோ பிள்ளை?"

"ஓம்," என்றாள்.

பழைய பேப்பரை மேசையில் விரித்து, நான் நிறுத்துக் கொடுத்த அரிசியை அதில் கொட்டி, விரலால் பரப்பினாள். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். அவள் அவசரப்படவில்லை.

"இஞ்சை ஒண்டு கிடக்கு."

"அது கல்லு பிள்ளை, வண்டில்லை."

"மாத்துங்கோ."

மாற்றினேன்.