அறைக்கு மேல் மழை

“குளிர் எங்கேருந்துமா வருது?” என்று வனஸ்ஸா நான்கு வயதில் கேட்டாள். “மலையிலேருந்து” என்று அம்மா பிலோமி சொல்லி வைத்தாள்.

இப்போது வனஸ்ஸாவுக்கு ஏழு. விடியற்காலையில் அவளுக்கு நெஞ்சு இழுக்கும். ஹீட்டர் போட்டால் கரண்ட் பில் தாங்காது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் தகரக் கூரைக்கும் பலகைச் சீலிங்குக்கும் நடுவே வெறும் காற்றுதான். அங்கே பஞ்சுச் சுருளை விரித்தால் வீட்டுச் சூடு வெளியே போகாது என்று சொன்னவன் பக்கத்து வீட்டு நிக்கலஸ்.

“ஒரு தடவ போட்டா போதும்கா. கரண்டே வேணாம். கூலியும் வேணாம், மீன் கறி ஆக்கிக் குடுங்க.”

மலைமேல் கோலா தெர்லாவுக்குக் காய்கறி ஏற்றப் போகிற காலி லோரி, பிலோமி காசு கொடுத்து வாங்கிய ஆறு சுருளை இறக்கிவிட்டுப் போனது. நிக்கலஸ் சனிக்கிழமை முழுவதும் கூரைக்குள் ஊர்ந்தான். பிலோமி ஏறிப் பார்க்கவில்லை. லயத்தில் வீடு வீடாக நடக்கும் மாத ஜெபத்தை நடத்துகிறவனே அவன்தான்.

அந்த மாத ஜெபம் பிலோமியின் ஹாலில். ஜெபத்துக்கு வந்த லயத்துக்காரி ஜெயா சால்வையைக் கழற்றினாள். “ஓட்டல் மாதிரில்ல இருக்கு. இனிமே எல்லா ஜெபமும் இங்கதான்லா.” நிக்கலஸ் சிரித்தான்.

ஆனால் படுக்கையறையில் குழந்தையின் இழுப்பு நிற்கவில்லை. மழை பெய்தால் அங்கே மட்டும் கல் கொட்டுவதுபோல் சத்தம்.

“ரூம் பக்கம் கூரை சரிவுக்கா, சத்தம் இருக்கத்தான் செய்யும்” என்றான் நிக்கலஸ். அவள் நம்பி, ஜன்னல் இடுக்கில் பழந்துணி செருகினாள்.

அடுத்த மாதம் ஜெபம் நிக்கலஸ் வீட்டில். ஜெபமாலையின் பாதியில் மழை பிடித்தது. அவன் ஹாலுக்கு மேல் அது போர்வையில் விழுவதுபோல் விழுந்தது, பிலோமியின் ஹாலில் விழுவதைப் போலவே. அவன் பஞ்சு வாங்கவே இல்லை. தன் வீட்டு ஜெபத்துக்கும் நாலு பேர் சால்வையைக் கழற்ற வேண்டும் என்று நினைத்திருக்கிறான்.

அவள் கண்ணைத் திறந்தாள். அவனும் திறந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெபம் பாதியில் நின்றது. “தம்பி களைச்சிட்டான்” என்று ஜெயா தொடர்ந்தாள்.

வாசலில் பிலோமி மெதுவாகச் சொன்னாள்: “குளிர் எங்கேருந்து வருதுன்னு பாப்பா கேட்டா. இன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு தம்பி.”

வேறு யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷம் மூச்சுத் திணறிய குழந்தையை மோட்டார் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் இவன்தான். முன்பின் தெரியாத திருடன் எடுத்திருந்தால் அவள் இப்படி அழுதிருக்க மாட்டாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை மீன் கறிக் கிண்ணம் வழக்கம்போல் அவன் வீட்டுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை லயமே கோயிலுக்குப் போயிருந்தது. நிக்கலஸ் மட்டும் வரவில்லை. “தலவலின்னாரு” என்றாள் அவன் மனைவி.

பிலோமி வீடு திரும்பியபோது, பூட்டிப் பழக்கமில்லாத கதவு சாத்தியபடி இருந்தது. படுக்கையறை சுத்தமாகப் பெருக்கிக் கிடந்தது. ஜன்னலோரம் அந்தக் கிண்ணம், கழுவிக் கவிழ்த்திருந்தது.

சாயங்காலம் மழை வந்தது. பிலோமி துணி மடிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள். அறைக்கு மேல் சத்தம் இல்லை. வனஸ்ஸா இழுப்பில்லாமல் தூங்கினாள். பக்கத்து வீட்டுத் தகரத்தில் மழை கல் கல்லாகக் கொட்டிக்கொண்டிருந்தது.