ஜர்னிமேன் என்கிறவன்

க்ளென் ரட்லியின் கையில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார் பயிற்சியாளர் நார்மன். சுவருக்கு அந்தப் பக்கம் குத்துச்சண்டை அரங்கம் இரைந்தது. ரோதரம் ஊர்க்காரர்கள் கூச்சல் போடுவதற்குக் கேட்கவா வேண்டும். ஆனால் அதில் ஒரு குரல்கூட க்ளெனுக்காக இல்லை. இன்றைக்கு அவனோடு மோதுகிற கைல், தன் தெரு முழுக்க டிக்கெட் விற்று எல்லோரையும் திரட்டி வந்திருந்தான். இருபது வயசு, இரண்டாவது சண்டை.

க்ளென் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். குத்துக்குப் பயந்து அல்ல. வாரமெல்லாம் கூரை வேலையும் சனிக்கிழமையானால் குத்தும் பழகிய உடம்பு அது. கூட்டத்தில் மகள் கெல்சி இருந்தாள். அத்தையை நச்சரித்து முதல் தடவையாக வந்துவிட்டாள்.

போன வாரம் சாப்பிடும்போது கேட்டாள். "அப்பா, ஜர்னிமேன்னா யாரு? உன்னை அப்படித்தான் சொல்வாங்களாமே, ஸ்கூல்ல ஒருத்தி சொன்னா."

தொழிலை முழுசாகக் கற்று, கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போய் வேலை செய்கிறவன் என்று சொல்லிவைத்தான். பொய்யில்லை, அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது. வளர்கிற பையன்களிடம் தோற்பதுதான் அந்த வேலை என்பதை மட்டும் விழுங்கிவிட்டான். தோற்கச் சொல்லி யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

"புருவம் கிழிஞ்சா ஒரு மாசம் வீட்ல உட்கார வச்சிருவாங்க," என்றார் நார்மன். "ஜெயிச்சுத் தொலைச்சியோ, அப்புறம் எவனும் கூப்பிட மாட்டான். ஞாபகம் இருக்குல்ல?"

மேடையேறியதும் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். மூன்றாவது வரிசையில் கெல்சி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முதல் மூன்று சுற்றும் வழக்கம்போல் போயின. தோளில் வாங்கினான், கையில் வாங்கினான், பையனைத் துரத்தவிட்டு அழகாகக் காட்டினான். கடைசிச் சுற்றில் கைலுக்கு மூச்சு வாங்கியது. இடது கை தானாகக் கீழே இறங்கியது. மகள் பார்க்கிறாள் என்ற நினைப்போ, பாழாய்ப்போன பழக்கமோ, க்ளெனின் வலது கை கேட்காமலே போய்விட்டது. தாடையில் சரியாக விழுந்தது. பையனின் முழங்கால் துவண்டது.

அடுத்த சனிக்கிழமை, அதற்கடுத்த சனிக்கிழமை எல்லாம் அந்த முழங்காலோடு சேர்ந்து சரிவது தெரிந்தது. க்ளென் பாய்ந்து பையனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அக்குளில் கை கொடுத்து மொத்தப் பாரத்தையும் தாங்கினான்.

"என்னைப் புடிச்சுக்கோ தம்பி. மூச்சு விடு," என்றான் காதோடு. நடுவர் வந்து பிரிப்பதற்குள் பையனுக்குக் கால் நிலைத்துவிட்டது.

புள்ளிக் கணக்கில் ஜெயித்தவன் என்று கைலின் கையைத் தூக்கினார்கள். தெருவே எழுந்து ஆடியது.

துணியைக்கூட அவிழ்க்காமல் அறையில் உட்கார்ந்திருந்தபோது கெல்சி வந்து நின்றாள். ஏன் தோற்றாய் என்று கேட்டால் சொல்வதற்கு நாலைந்து பதில் வைத்திருந்தான்.

"அவன் விழப் பார்த்தான். நீதான் விழாம புடிச்சே," என்றாள். "அந்த வார்த்தைக்கு இதான் அர்த்தமாப்பா?"

க்ளென் குனிந்து கைத்துணியை அவிழ்க்கத் தொடங்கினான். அவமானமாக இருந்தது. அதற்குள் பெஞ்சின் மேல் அவன் போன் அதிரத் தொடங்கியது. திரையில் ஷெஃபீல்டில் சண்டை நடத்துகிறவரின் பெயர்; அடுத்த சனிக்கிழமைக்கு ஆள் தேடுகிறார் போலும். அது அதிர்ந்து அதிர்ந்து பெஞ்சின் விளிம்பை நோக்கி நகர்ந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.