படகு இறங்காத வாரம்

நகராட்சியின் ஏரி விளையாட்டு மையத்துக்கு மேலிடத்து ஆள் வந்தால் படகெல்லாம் கரையேறும். எந்தத் தாளிலும் எழுதாத சட்டம் அது. இருபத்திரண்டு வருடமாகத் தக்கை அப்படித்தான் செய்துவந்தான். வருகிறவர் கார் கதவைத் திறக்கும்போது பதினெட்டுப் படகும் தேய்த்துக் கழுவி, மூக்கெல்லாம் ஒரே நேராகப் பல்வரிசை மாதிரி நிற்க வேண்டும். வந்தவர் பார்ப்பார், தலையாட்டுவார், போய்விடுவார். எத்தனை முறை படகு கவிழ்ந்தாலும் மேலே மிதந்து வந்ததால் அவனுக்குத் தக்கை என்று பேர் விழுந்தது. சொந்தப் பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

இந்தத் தடவை வருவது சும்மா பார்வையிட அல்ல. மையத்தை நகராட்சியே நடத்துவதா, மூடிவிட்டுக் கரையை ஓட்டல் கம்பெனிக்குக் கொடுப்பதா என்று திட்டம் போட ஒரு பெண் அதிகாரி ஒரு வாரம் உட்காரப் போகிறார் என்று தெரிந்தது. மூடினால் தக்கைக்கு வேலை போகும். கொட்டகைக்குப் பின்னால் அவனும் மனைவியும் குடியிருந்த இரண்டு அறையும் கூடவே போகும். எலி வளையானாலும் தனி வளை. அதை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது.

மேலாளர் அவனைக் கூப்பிட்டு, நம்ம எதிர்காலமே இந்த ஒரு வாரத்தில்தான் இருக்கிறது, பார்த்துச் செய் என்றார். எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அதிகாரி எண்ண வருவது படகின் பளபளப்பை அல்ல, தண்ணீரில் இறங்கும் ஆட்களை என்பது மேலாளருக்குத் தெரியும். ஓட்டல் கம்பெனியில் அவருக்கு ஏற்கெனவே நாற்காலி போட்டாயிற்று. இது தக்கைக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தக்கையும் மனைவியும், அங்கேயே உயிர்காப்பாளராக இருந்த மச்சினனும் படகுகளை இழுத்துக் கரையில் போட்டார்கள். பாசியைச் சுரண்டிச் சுரண்டி மனைவியின் நகக்கண் கிழிந்தது. மேலாளர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் பளபளன்னு பண்ணு என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை அதிகாரி வாசலில் நாற்காலி போட்டு, மடியில் அட்டையை வைத்து உட்கார்ந்தார். துடுப்புப் போட வந்த கல்லூரிப் பையன்களைத் தக்கை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினான். அடுத்த வாரம் வாங்க, இப்ப பெரியவங்க வந்திருக்காங்க என்றான். காலையில் நீந்த வருகிற கிழவர்களையும் விரட்டினான். கால் சேறு படிக்கட்டில் படும் இல்லையா.

மச்சினனுக்கு மட்டும் என்னவோ உறுத்தியது.

"ஏன் மாமா, சாப்பாட்டுக் கடையைப் பார்க்க வந்தவங்க முன்னாடி அடுப்பை அணைச்சு வைக்கிற மாதிரி இருக்கே?"

"உனக்கு விசில் ஊதத்தான் சம்பளம். ஊத ஆள் இல்லேல்ல, வாயை மூடிக்கிட்டு உட்காரு."

செவ்வாய்க்கிழமை ஓர் அம்மாள் வந்தாள். கால் விளங்காத மகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வாரம் மூன்று நாள் வருகிறவள். மிதவைச் சட்டை மாட்டித் தக்கைதான் அந்தப் பெண்ணைத் தண்ணீரில் இறக்கிவிடுவான். தண்ணீரில் மட்டும் அவள் யார் கையையும் பிடிக்காமல் கிடப்பாள். தாய் கெஞ்சினாள். அரை மணி நேரம் போதும், ஓரமாக இருந்துவிட்டுப் போகிறோம் என்றாள். அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் கறாராக இருக்க வேண்டும் என்று தக்கைக்குத் தோன்றியது.

"தினம் தினம் ஊறப் போட்டா கால் முளைச்சிருமா? போயிட்டு அடுத்த வாரம் வாம்மா."

அந்தப் பெண் தன் முழங்காலைப் பார்த்தாள். தாய் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனாள். அதிகாரி அட்டையில் என்னவோ எழுதினார். நம்மைப் பற்றி நல்லதாக எழுதுகிறார் என்று தக்கைக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பத்து நாள் கழித்து நகராட்சி மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அதிகாரி அறிக்கையை வாசித்தார். கவனித்த நாட்கள் ஏழு. இறங்கிய படகு ஒன்றுமில்லை. நீரைப் பயன்படுத்தியவர் ஒருவருமில்லை.

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. அந்தத் தாய் எழுந்து, நாங்கள் வந்தோம், இந்த ஆள்தான் துரத்தினார் என்று தக்கையைக் காட்டினாள். நகராட்சித் தலைவர் அவனை எழுந்து நிற்கச் சொன்னார். யார் சொல்லி அப்படிச் செய்தாய் என்று கேட்டார். தக்கை மேலாளரைப் பார்த்தான்.

மேலாளர் அவசரப்படாமல் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நான் விரட்டச் சொன்னேனாப்பா? சொல்லு, சபையில சொல்லு."

அவர் விரட்டச் சொல்லவில்லை. அது உண்மைதான்.

"படகு அழுக்காயிடுமேன்னுதாங்க..." என்றான் தக்கை.

முதலில் முன்வரிசை சிரித்தது. பிறகு மண்டபமே சிரித்தது. தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பணியாளரே தண்ணீரில் ஆள் இறங்க வேண்டாம் என்கிறார், நாம் என்ன செய்ய என்றார். நான் பார்த்ததைத்தான் எழுத முடியும் என்றார் அதிகாரி. மையத்தை மூடும் தாளில் கையெழுத்தாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வாசலில் தக்கை அந்தத் தாயிடம் போய் நின்றான். என்ன சொல்ல வந்தான் என்பது அவனுக்கே தெரியவில்லை. அவள் மகள்தான் பேசினாள்.

"அண்ணே, இனிமே நீங்களும் இறங்க முடியாதில்ல?"

குரலில் கோபம் இல்லை. கணக்குச் சரியாகிவிட்ட திருப்தி இருந்தது.

மறுவாரம் மேலாளர் ஓட்டல் கம்பெனியின் புதுச் சட்டையில் வந்தார். ஓட்டல் முகப்பில் பதினெட்டுப் படகிலும் மண் நிரப்பிப் பூச்செடி வைக்கப் போகிறார்கள்; தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்; அடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தால் இன்னும் இரண்டு மாதம் அந்த அறைகளில் இருந்துகொள்ளலாம் என்றார். மச்சினன் காறித் துப்பிவிட்டு அன்றே வேறு ஊருக்குப் பஸ் ஏறினான். தக்கை துளைபோடும் இயந்திரத்தை எடுத்துவந்தான்.

கவிழ்த்துப் போட்ட படகு ஆடாமல் மனைவி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். படகுக்கு நாலு ஓட்டை. பதினொன்றாவது படகில் மேலாளர் குனிந்து பார்த்து, இது பத்தாது, நடுவில் இன்னொன்று போடு என்றார்.

போட்டான்.