ரோஜா அழுத காபி

ஆந்திராவில் திருப்பதியை அடுத்த வடமாலபேட்டையில் சென்னை ரோட்டோரம் காபிக்கடை வைத்திருந்த பாலசுப்பிரமணியனின் மகள் ரோஜாவுக்கு நாலு வயதில் கண்ணீர் டிகாஷனாக வர ஆரம்பித்தது. பலமனேரில் தக்காளி விலை விழுந்து வண்டி வண்டியாக ரோட்டில் கொட்டிய வருஷம் அது. விழுந்து முட்டி பெயர்ந்து அழுத குழந்தையின் கன்னத்தை அம்மா செங்கமலம் முந்தானையால் துடைத்தாள். துணியில் பழுப்பாகக் கறை பிடித்தது, காபி மணம் அடித்தது. கண்ணில் ஏதோ தூசி என்று நினைத்தார்கள். மறுநாளும் அப்படியே வந்ததால் தூசி இல்லை என்று தெரிந்துகொண்டார்கள்.

அதற்கு முந்தைய கதை சாதாரணமானது. செங்கமலம் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்தாள். விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்து அழைத்துப்போகும், விளக்கு வைத்த பிறகு கொண்டுவந்து விடும். புருஷன் பெண்டாட்டி இருவரும் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரில் வேறு யாரும் இல்லை. அதனால் ரோஜா பகலெல்லாம் அப்பாவின் கடையிலேயே வளர்ந்தாள். காபிக்கடையில் வளரும் குழந்தை காபிதான் கேட்கும். பாலைக் கொடுத்தால் தட்டிவிட்டது. காஃபினை எடுத்துவிட்டு ஒரு பொடி விற்கிறார்கள், அது குழந்தைகளை ஒன்றும் செய்யாது என்று காரில் வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். செங்கமலத்துக்கு மனசு ஒப்பவில்லை. லீவு போட்டுவிட்டு, புருஷனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போய் டாக்டர் அலர்மேலைக் கேட்டாள்.

இத்தனை சின்னக் குழந்தைக்கு எந்தக் காபியும் வேண்டாம் என்றார் டாக்டர். எடுத்ததாகச் சொன்னாலும் காஃபின் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும், காபி வயிற்றைப் புரட்டும், அதில் போடும் சர்க்கரை பல்லைக் கெடுக்கும், காபியால் வயிறு நிறைந்த பிள்ளை பாலையும் சோற்றையும் தொடாது. என்றைக்காவது ஒரு வாய் குடித்துவிட்டால் பயப்பட வேண்டாம், அவ்வளவுதான். செங்கமலம் வேண்டாம் என்பதைக் கேட்டுக்கொண்டாள். பாலசுப்பிரமணியன் பயப்பட வேண்டாம் என்பதைக் கேட்டுக்கொண்டான். இருவரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.

அவன் கெட்டவன் இல்லை. குழந்தை அழுதால் அவனுக்குத் தாங்காது. அந்தப் பொடியில் ஒரு டப்பா வாங்கி, பெண்டாட்டிக்குத் தெரியாமல் காலையில் ஒரு டம்ளர் கொடுத்தான், பிறகு மத்தியானமும் கொடுத்தான். வருஷம் திரும்புவதற்குள் ரோஜா வேறு எதையும் குடிப்பதில்லை என்றானது. கண்ணீர் பழுப்பானபோதுதான் செங்கமலத்துக்கு விஷயம் தெரிந்தது. டப்பாவைத் தூக்கி எறிந்தாள், மூன்று நாள் அவனோடு பேசவில்லை. காபியை நிறுத்தியும் கண்ணீர் மாறாததால் டாக்டர் அலர்மேல் அதை லேபுக்கு அனுப்பினார். நல்ல காபி, காஃபின் கிட்டத்தட்ட இல்லை என்று பதில் வந்தது. கண்ணில் கோளாறு இல்லை, பார்வையும் சரியாக இருந்தது.

அந்தச் சமயத்தில் ஊருக்கு வெளியே புது ரோடு போட்டு, கடைக்கு வரும் வண்டிகள் குறைந்திருந்தன. காபியே தொடக்கூடாது என்று விதிக்கப்பட்ட ரிட்டையர்ட் வாத்தியார் ஒருவர் தினமும் வந்து மணத்தை மட்டும் இழுத்துவிட்டுப் போவார். அவருக்குப் பாவம் பார்த்து, பாலசுப்பிரமணியன் தன் மகளின் கண்ணீரில் ஒரு ஸ்பூன் பாலில் கலந்து கொடுத்தான். வாத்தியார் குடித்தார், அன்று மத்தியானம் குழந்தை மாதிரி தூங்கினார். பிறகு தூக்கம் வராதவர்கள் வந்தார்கள், கர்ப்பிணிகள் வந்தார்கள், புத்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் பைக்கில் வந்தார்கள். ஆனால் அழுகை தினமும் தானாக வருவதில்லை. பொம்மையை ஒளித்துவைத்தான், ரோஜா பொம்மையை மறந்துபோனாள். வெங்காயம் வெட்டினான், நீர்த்த டிகாஷன்தான் வந்தது. ஒருநாள் கடையில் கூட்டம் நின்ற நேரத்தில், அம்மா எப்போ வரும் என்று ரோஜா கேட்டாள். அவன் யோசிக்காமல் அம்மா செத்துப்போய்விட்டாள் என்றான். டம்ளர் நிறைந்தது.

அதிலிருந்து தினமும் கடை திறந்ததும் அதைச் சொன்னான். பகலெல்லாம் செத்துக் கிடந்த அம்மா சாயங்காலம் பஸ்ஸில் இறங்கி வருவாள், குழந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும், மறுநாள் காலையில் மறுபடியும் சாவாள். சும்மா அழுவதை ஏன் வீணாக்க வேண்டும் என்று பிடித்துவைப்பதாகச் செங்கமலத்திடம் சொல்லியிருந்தான். வேலை முடிந்து வந்த அலுப்பில் அவளும் அதை நம்பினாள்.

அடுத்தபடியாகத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கேட்டு வந்தார்கள். குழந்தையிடமிருந்து வருவது குழந்தைக்கு ஆகாதா என்பது அவர்கள் நியாயம். டாக்டர் அலர்மேல் முன்பு சொன்னதையே சொன்னார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடித்த பிள்ளைகளுக்கு வயிறு வலிக்கவில்லை, தூக்கம் கெடவில்லை. அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டே அம்மா வேணும் என்று அழுதார்கள். தெலுங்கு வீடுகளில் தெலுங்கில் அழுதார்கள்.

செங்கமலத்தோடு வேலை பார்த்த சுஷ்மிதா ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எம் புள்ள எம் மூஞ்சியப் பாத்துக்கினே எங்கம்மா செத்துப்பூட்டான்னு அழுவுதுக்கா. உங்க கடை காபிதான் குட்த்தேன், வேற எதுவும் துன்னல.”

செங்கமலம் அடுத்த ஊரில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினாள், கிடைத்த வண்டியில் ஏறித் திரும்பி வந்தாள். கடைமுன் ஆட்கள் டம்ளரும் குழந்தையுமாக வரிசையில் நின்றார்கள். அவளும் அவர்கள் பின்னால் நின்றாள். பாலசுப்பிரமணியன் தன் மகள் முன் குந்தி, தாடைக்குக் கீழே டம்ளரைப் பிடித்திருந்தான்.

“அம்மா செத்துப்பூட்டா கண்ணு. இனிமே வராது.” அவன் குரல் தன்மையாகவே இருந்தது.

“தெரியும் நைனா,” என்றாள் ரோஜா. அழவில்லை. அவன் இன்னொரு முறை சொன்னான். டம்ளர் காலியாகவே இருந்தது. நேரமாகிறது என்று வரிசையில் யாரோ முனகினார்கள். செங்கமலம் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, அம்மா இதோ இருக்கிறேன் என்று மகளின் கையைப் பிடித்தாள். ரோஜா அவளை மரியாதையாகப் பார்த்தாள்.

“நீ சாயங்காலம் வர்ற அக்கா. எங்கம்மா செத்துப்பூட்டா.”

செங்கமலம் புருஷனை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கட்டியிருந்த புடவையோடு சித்தூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். காபி நின்றதும் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு மாதத்தில் அவரவர் அம்மா திரும்பக் கிடைத்தார்கள். பாலசுப்பிரமணியன் சில ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தூர் வந்து தெருமுனையில் நின்று அழுதான். அவனுக்கு வெறும் தண்ணீர்தான் வந்தது. பிறகு வரவில்லை.

ரோஜாவுக்கு இப்போது எட்டு வயது. ஊசி போட்டாலோ விழுந்தாலோ இன்னும் பழுப்பாகத்தான் அழுகிறாள். வெள்ளை யூனிஃபார்ம் கெடாமல் இருக்க டீச்சரே ஒரு கறுப்புக் கைக்குட்டை வைத்திருக்கிறார். அம்மாவுக்காக மட்டும் அவள் அழுவதில்லை. ஆரம்பத்தில் செங்கமலம் கல்யாணப் போட்டோவைக் காட்டினாள், கோயில் கோயிலாக அழைத்துப்போனாள், ஒருநாள் ஆத்திரத்தில் அடித்தும் பார்த்தாள். குழந்தை அவள் கையால் சாப்பிட்டது, அவளைக் கட்டிக்கொண்டு தூங்கியது, அவளை அக்கா என்றே கூப்பிட்டது.

போன மாதம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த வேங்கடலக்ஷ்மி, இது உங்கள் பெண்ணா என்று கேட்டாள். எங்கம்மா செத்துப்போய்விட்டாள் என்று ரோஜா முந்திக்கொண்டாள். வேங்கடலக்ஷ்மி சங்கடத்தோடு செங்கமலத்தைப் பார்த்தாள். செங்கமலம் ரோஜாவின் தலைமுடியை இரண்டாக வகிர்ந்து பின்னிக்கொண்டிருந்தாள்.

“ஆமாங்க. இது சின்னதா இருக்கும்போதே போய்ட்டா,” என்றாள். “நான்தான் வளத்துக்கினு இருக்கேன்.”

பிறகு குழந்தையின் தலையை நேராகத் திருப்பிவைத்து, ரிப்பனைக் கட்டினாள்.