இருபதாயிரம் டாலர் கௌரவம்

அயோவா மாநிலத்தில் இருக்கும் கல்லூரி ஒன்று கெண்ட்ராவுக்குக் கட்டணத்தில் வருஷத்துக்கு இருபதாயிரம் டாலர் தகுதிப் பரிசு அறிவித்ததிலிருந்து அவள் அப்பன் வெண்டலின் கால் தரையில் படவில்லை. கட்டடங்களுக்குள் சுவர்ப்பலகை அடிக்கிறவன், எப்போதும் ஏணியில் நிற்கிறவன்தான். ஆனாலும் இது வேறு உயரம்.

அவர்கள் இருப்பது பக்கத்து மாநிலத்தில், பியோரியாவில். சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகம் "இடம் உண்டு, வா" என்றதோடு சரி. பரிசு என்று ஒரு காசு இல்லை.

"பாத்தியா, சொந்த ஊர்க்காரன் மதிக்கல. அசலூர்க்காரன் தாம்பாளத்துல வச்சு நீட்டுறான்," என்று வேலையிடத்தில் எல்லோர் காதிலும் ஓதினான்.

கூட வேலை செய்யும் ஆஸ்கர் வாயிலிருந்த தூசியைத் துப்பினான். "அவன் குடுக்கிறது இருக்கட்டும். நீ குடுக்க வேண்டியது எவ்வளவு?"

"அதெல்லாம் அப்புறம். இருபதாயிரம்டா!"

"லாட்டரி விழுந்தாப்ல பேசுறியே."

மனைவி லோர்னா அவனுக்கும் ஒரு படி மேலே. மே மாதம் முதல் தேதி பிள்ளைகள் எல்லாம் போகப்போகும் கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு படம் எடுப்பார்கள். அயோவாக் கல்லூரியின் ஊதா நிறத்தில் வீட்டுக்கே ஆளுக்கொன்று வாங்கிவிட்டாள். வாசல் புல்லில் நடுவதற்குக் கல்லூரிப் பெயர் போட்ட பலகையும் சொல்லியாயிற்று.

பரிசும் சேமிப்பும் போக மீதிப் பணத்துக்கு வீட்டின் மேல் இரண்டாவது கடன். வெள்ளிக்கிழமை வங்கியில் கையெழுத்து. அதை அடைக்க வெண்டல் எழுபது வயதுவரை ஏணி ஏற வேண்டும். முழங்கால்களோ இப்போதே எண்ணெய் காணாத கதவு மாதிரி கத்துகின்றன.

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் கெண்ட்ரா அப்பனைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க பாரு. பரிசு போக அயோவாவுக்கு நாம கட்டுறது முப்பத்தெட்டாயிரம். பரிசே இல்லாம இங்க முப்பது. அதை உன் சேமிப்பும் என் பகுதிநேர வேலையும் சமாளிச்சிடும், கடன் வேண்டாம்."

வெண்டல் சிரித்தான். "இருபதாயிரம் குறைச்சவன் எப்படிம்மா அதிகமா வாங்குவான்?"

"அம்பத்தெட்டுன்னு விலை போட்டுட்டுக் குறைக்கிறான். மெத்தைக் கடைக்காரன் மாதிரி."

நம்பாமல் கல்லூரிக்கே போன் போட்டான். தேன் குரலில் ஒரு பெண்.

"வாழ்த்துகள் சார்!"

"அது கிடக்கட்டும்மா. என் மக மாதிரி எத்தனை பேருக்கு இந்தப் பரிசு?"

"எங்ககிட்ட வர்ற பிள்ளைங்க எல்லாருமே தகுதியானவங்கதான் சார்."

"எல்லாருக்குமா?"

"கிட்டத்தட்ட. ஆனா மார்க் குறைஞ்சா மறுவருஷம் கிடையாது."

வெண்டல் போனைக் கீழே வைத்தான். ஊருக்கே சொன்ன வாய் வறண்டு போயிற்று.

லோர்னா மட்டும் விடவில்லை. "என் தங்கச்சி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"உன் தங்கச்சி வந்து கடனைக் கட்டுவாளா?"

"அம்மா, நான் படிக்கப்போறது நர்ஸுக்கு. ரெண்டு இடத்துலயும் அதே படிப்புதான். அப்பா முழங்காலை வித்து என்னால அங்க போக முடியாது," என்று கெண்ட்ரா கணினியில் சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகத்துக்கு 'சரி' கொடுத்துவிட்டாள். வெண்டல் வங்கிக்குச் சொல்லிக் கையெழுத்தை நிறுத்தினான்.

மறுநாள் முகநூலில் லோர்னா எழுதினாள்: "இருபதாயிரம் டாலர் பரிசையே வேண்டாமென்று உதறிவிட்டாள் என் மகள்! பிறந்த மண்மேல் அவ்வளவு பாசம்!" தங்கச்சிதான் முதலில் இதயம் போட்டாள்.

வேலையிடத்தில் ஆஸ்கர் கேட்டான், "என்னப்பா, பரிசை உதறிட்டாளாமே?"

"ஆமா," என்றான் வெண்டல், பலகையைத் தோளுக்கு ஏற்றியபடி. "எங்க குடும்பமே அப்படித்தான். பணத்தை ஒரு பொருட்டாவே மதிக்கிறதில்ல."