சென்சார் ஒட்டிய இடம்

வேறு யாராக இருந்தாலும் அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பாள். பந்து விளையாடுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் என்று பிசியோதெரபிக்கு வந்த எத்தனையோ பேரின் உள்தொடையில், தசை இயங்குவதைத் திரையில் கோடாகக் காட்டும் சென்சாரை ஒட்டிய கை அது. இன்று வந்து உட்கார்ந்தவரோ அண்ணியின் அப்பா. லாரி ஓட்டுகிறவர். வண்டியிலிருந்து விழுந்ததிலிருந்து அவருடைய இடது கால் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நடந்தால் தன் போக்கில் வெளிப்பக்கம் போகிறது. உள்தொடைத் தசைக்குப் போகும் நரம்பில் உயிர் இருந்தால் பயிற்சி கொடுத்துத் தேற்றிவிடலாம். இல்லையென்றால் லாரியை மறந்துவிட வேண்டியதுதான்.

மாமா இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டு தரையையே பார்த்தார். அவளுக்கும் கூச்சம். ஒட்ட வேண்டிய இடத்தை அரைகுறையாக முணுமுணுத்துவிட்டு, சென்சாரை அவர் கையிலேயே கொடுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மரியாதையாம்!

ஆயிற்று என்றார். திரும்பிய உடனே தெரிந்துவிட்டது. சென்சார் தொடையின் முன்பக்கத்தில், முட்டிக்குச் சற்று மேலே இருந்தது. மாற்றச் சொல்ல வாய் வரவில்லை. தப்பு என்று தெரிந்தே முட்டிகளுக்கு நடுவில் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். மாமா பல்லைக் கடித்து அழுத்தினார். திரையில் கோடு அசையவே இல்லை.

டாக்டர் வந்து திரையை மட்டும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நரம்பு வேலை செய்யல. இனிமே லாரி வேணாம்."

மாமா பந்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், சென்சார் இருக்கிற இடம் தப்பு."

யார் ஒட்டியது என்று டாக்டர் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"பொண்ணு சரியாத்தான் ஒட்டுச்சு. நான்தான் கூச்சப்பட்டு எடுத்து மாத்திட்டேன்."

இல்லை என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"காலை அகட்டி வைங்க மாமா" என்று மட்டும் சொல்லி முட்டி போட்டு உட்கார்ந்தாள். பந்தை அழுத்தச் சொல்லி, உள்தொடையில் விறைக்கும் தசையை விரலால் தேடிப் பிடித்தாள். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து ஒட்டினாள். மறுபடி அழுத்தச் சொன்னதும் கோடு சின்னதாகத் துள்ளியது. பிறகு பெரிதாக.

பயிற்சியை நாளைக்கே தொடங்கலாம் என்றார் டாக்டர். மாமா முதல்முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அவளால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.