நடுக்காயை யார் பறிக்கச் சொன்னது

1

இந்தக் கதை எனக்கா தோணினது இல்ல. என் தலையில கட்டினது. தேவநேசன் பெரியப்பாவுக்கு எண்பது வயசு ஆகுதுன்னு சுகர் லேண்ட்ல அவர் பொண்ணு அமலி அக்கா ஒரு மலர் போடறாங்க. போட்டோ, ஜெபம், வாழ்த்து, நடுவுல "அப்பாவோட ஆப்பிள் தோட்டம்"னு ஒரு கதை. "ஐசக், யூ டூ இட், எனக்கு தமிழ்ல டைப் பண்ண வராது"ன்னு சொல்லிட்டாங்க. எனக்கு மட்டும் வருதா? ஃப்ரீமான்ட்ல ஆபீஸ் பார்க்கிங்ல காருக்குள்ள உக்காந்து போன்கிட்ட பேசறேன், அது டைப் பண்ணுது. நான் பெருமூச்சு விட்டா அதையும் ஏதோ எழுத்தாக்கிடுது. அழிச்சு அழிச்சு வர்றேன்.

சின்னதா, அழகா ஒரு குடும்பக் கதை சொல்லிடலாம்னுதான் ஆரம்பிச்சேன். 1986. நியூ ஜெர்சி. கெமிக்கல் பிளான்ட்ல வேலை போன நாகர்கோவில்காரர் ஒருத்தர் ஆப்பிள் தோட்டத்தை லீஸுக்கு எடுக்கறார். மனைவி ஜெயகுமாரி தோள் கொடுக்கறாங்க. பூ, தேனீ, அறுவடை, ஆமென்.

ஆனா அந்தத் தோட்டம் ஒரே வருஷத்துல கையை விட்டுப் போச்சு. ஏன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் கேட்டிருக்கவே கூடாது.

2

ஓப்பனிங் ஒண்ணு: வெள்ளை வெளேரென்று பூத்துக் குலுங்கிய மரங்களுக்கு நடுவே ஜெயகுமாரி புன்னகையோடு

கேன்சல். பூ பூக்கற சீசன்ல எடுத்த போட்டோ எல்லாத்துலயும் பெரியம்மா கர்சீஃபால மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கறாங்க. அலர்ஜி.

ஓப்பனிங் ரெண்டு: தேவநேசனுக்குச் சிறு வயது முதலே மண் மீது

பெரியப்பாவோட அப்பா போஸ்ட் மாஸ்டர். வீட்ல ஒரு குரோட்டன்ஸ் தொட்டி இருந்துச்சு, அதுவும் பட்டுப்போச்சு. கேன்சல்.

ஓப்பனிங் மூணு. இதை வச்சுக்கறேன், வேற வழி இல்ல:

ஜெயகுமாரிக்கு அந்த வீடு பிடிக்கல. முதல் நாளே பிடிக்கல. ஜன்னலைச் சாத்தினாலும் காத்து உள்ள வந்து, கூப்பிடாம வந்த சொந்தக்காரன் மாதிரி நடு ஹால்ல உக்காந்துக்கும். எடிசன் அபார்ட்மென்ட்ல இருந்தப்போ ஹாஸ்பிடலுக்கு நடந்தே போயிடுவாங்க. நர்ஸ் வேலை. கீழ் வீட்ல பர்வதம், ரெண்டு தெரு தள்ளி தமிழ் சர்ச். இங்க டியூட்டிக்குப் போகணும்னா மேடும் பள்ளமுமா ஒரு மணி நேரம் டிரைவ் பண்ணணும். பக்கத்து வீடுன்னு எட்டிப் பாத்தா மாடு நிக்குது.

"ஒரே வருஷம் ஜெயா," தேவநேசன் சொன்னார். "காய்ப்பு நல்லா வந்தா மிஸஸ் ஹேகன் தோட்டத்தை நமக்கே வித்துருதேன்னு சொல்லியிருக்கு."

"வரலைன்னா?"

"வரும்."

"வரலைன்னான்னு கேட்டேன்."

"வரலைன்னா திரும்பவும் எடிசன். ஆனா வரும்."

அதாவது, மரம் நல்லா காய்ச்சா ஜெயகுமாரிக்கு ஆயுசுக்கும் அந்த வீடுதான். காய்க்கலைன்னா விடுதலை. இது ஞாபகம் இருக்கட்டும். நான் தூக்கமில்லாம அலையறதே இதனாலதான்.

* இது வரைக்கும் குடும்ப குரூப்ல போட்டேன். நாகர்கோவில்ல இருந்து அம்மாவோட வாய்ஸ் மெசேஜ்: "லேய், அக்காவுக்கு வீடு பிடிக்கலன்னு என்னத்துக்குல எழுதுத? பிறந்தநாளு மலரா, கேஸ் கட்டா?"

3

கொஞ்சம் ஆப்பிள் லெக்சர். ஸ்கிப் பண்ணாதீங்க, கதையே இதுக்குள்ளதான் மாட்டிக்கிட்டு இருக்கு.

ஆப்பிள் ஒத்தையா பிடிக்காது. கொத்தா பிடிக்கும், ஒரு கொத்துல நாலஞ்சு. நடுவுல இருக்கற பூதான் முதல்ல விரியும். அதனால அந்தக் காய்தான் பெருசா வரும். அமெரிக்காக்காரங்க அதுக்கு ராஜான்னு பேர் வச்சிருக்காங்க. நான் நடுக்காய்னு சொல்லிக்கறேன், ராஜான்னு எழுதினா அடுத்த வரியில தானா ஒரு கவிதை வந்து நிக்குது. ஜூன் மாசம், பிஞ்செல்லாம் கோலிக்குண்டு சைஸ்ல இருக்கறப்போ, நடுக்காயை மட்டும் விட்டுட்டு சுத்தி இருக்கறதைத் திருகிப் போட்டுடணும். எல்லாத்தையும் விட்டு வச்சா எல்லாமே சின்னதா நின்னுடும். மரமும் களைச்சுப் போய் அடுத்த வருஷம் பூக்கமாட்டேன்னு உக்காந்துடும்.

தோட்டத்து ஓனர் மிஸஸ் ஹேகன், புருஷன் போனப்புறம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சின்ன வீட்ல இருந்தாங்க. ஜூன்ல ஒரு வியாழக்கிழமை தேவநேசன் ட்ராக்டருக்குப் பார்ட் வாங்கப் போயிருந்தார். அந்தம்மா வந்து ஜெயகுமாரியை வெளிய கூப்பிட்டு, ஒரு கிளையை வளைச்சு, நடுக்காயைக் கட்டைவிரலால பொத்திக்கிட்டு மத்ததை டக் டக்குன்னு திருகிப் போட்டாங்க.

"இது இருக்கட்டும். மத்ததுக்கெல்லாம் இரக்கப்படாதே."

ஜெயகுமாரி ஒரு கொத்துல செஞ்சு காமிச்சாங்க.

"நர்ஸ் கை," அப்படின்னாங்க அந்தம்மா. "சனிக்கிழமை வர்ற உன் ஆளுங்களுக்கும் சொல்லிடு."

"ஷ்யூர்," அப்படின்னாங்க ஜெயகுமாரி.

ஆக, அந்த வீட்டுப் பக்கம் விஷயம் தெரிஞ்ச ஒரே தமிழ் ஆள் ஜெயகுமாரி.

(இல்ல, பெரியப்பாவுக்கும் தெரியும். ஏதோ பண்ணை கிளாஸ்ல கத்துக்கிட்டார். அது அஞ்சாவதுல வரும். அது தெரிஞ்சதும் நான் காரை ஓரம் கட்டினேன்.)

4

சனிக்கிழமை பிஞ்சு திருகிப் போட ஒத்தாசைக்குன்னு எடிசன்ல இருந்து வண்டி வண்டியா ஆள் வந்து இறங்கிச்சு. தமிழ் சர்ச்சே வந்திருச்சு. பாஸ்டர் மோசஸ் முழுக்கைச் சட்டையோட ஏணியில ஏறினார். பர்வதம் ஆன்ட்டி சர்ச் இல்ல, மயிலாப்பூர். ஆனா கார்ல இடம் இருந்தா எந்த ஜெபத்துக்கும் வருவாங்க.

தேவநேசன் ட்ராக்டர் ஷெட்ல. ஜெயகுமாரி கிச்சன்ல, அத்தனை பேருக்கும் பிரியாணி.

பர்வதம் ஆன்ட்டி ஒரு பிஞ்சைக் கடிச்சாங்க. முகம் சுருங்கி, விரிஞ்சு, கண்ணு பளிச்சுன்னு ஆயிடுச்சு.

"அடியே, இது மாவடுடீ! அச்சு அசல் மாவடு! உப்பும் மொளகாயும் போட்டு ஜாடியில அமுக்கினா எவளாலயும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது!"

வடு மாங்காயைக் கண்ணால பாத்து வருஷக்கணக்கா ஆன கூட்டம். அவ்வளவுதான். ஐஸ் பாக்ஸ் திறந்தது, துண்டு விரிஞ்சது. வடு போடறவங்க எதைப் பறிப்பாங்க? கொத்துலயே உருண்டையா, கெட்டியா, பெருசா இருக்கறதை. நடுக்காயை. ஒண்ணை விட்டு நாலைப் பறிக்கணும். இவங்க நாலை விட்டு ஒண்ணைப் பறிச்சாங்க. வரிசை வரிசையா, பாட்டு பாடிக்கிட்டே.

* மருந்து அடிச்ச காய் ஆச்சேன்னு கேக்கப் போறீங்க. அடிச்சதுதான். சோப்புப் போட்டுக் கழுவினாங்களாம். எய்ட்டீஸ், என்னை விடுங்க.

இப்ப கதையோட முடிச்சு. பர்வதம் ஆன்ட்டி கிச்சன் வாசல்ல வந்து கேட்டாங்க: "ஜெயா, எதை எடுக்கணும்? பெருசையா, சின்னதையா?"

ஜெயகுமாரி என்ன சொன்னாங்க?

டிராஃப்ட் அ: குக்கர் விசில் அடிச்சதுல கேள்வி காதுலயே விழல. (அடச்சே. எந்தத் தமிழ் வீட்லயும் மனுஷங்க தப்பே பண்றதில்ல, எல்லாத்துக்கும் குக்கர்தான் பொறுப்பு.)

டிராஃப்ட் ஆ: "பெருசு"ன்னு தெளிவா சொன்னாங்க, ஜன்னல் வழியா எடிசன் இருக்கற திசையைப் பாத்துக்கிட்டே. (இதைப் படிச்சா பெரியம்மா என்கூடப் பேசமாட்டாங்க. இந்த நாட்டுல எனக்கு இருக்கற ஒரே எமர்ஜென்சி கான்டாக்ட் அவங்க.)

டிராஃப்ட் இ: "உங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்கங்க அக்கா"ன்னாங்க. அப்படிச் சொல்றதுதான் அவங்களுக்கு மரியாதை, தப்பிக்க வழியும்

இ-யை முடிக்க முடியல. சரி, ஆளைக் கேட்டுடலாம்னு எடிசனுக்குப் போன் போட்டேன்.

"நான் கேக்கவே இல்லியே!"ன்னாங்க பர்வதம் ஆன்ட்டி. "வடுவுக்கு எதைப் பறிக்கணும்னு எனக்கு இன்னொருத்தி சொல்லணுமாடா?"

பெரியம்மாவுக்குப் போட்டேன்.

"கேட்டா. நல்லா ஞாபகம் இருக்கு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"லேய், அன்னைக்கு அத்தனை பேருக்கும் ஒத்தை அடுப்புல சமைச்சேன். அதை எழுதினியா? எழுதல. இதுக்கு மட்டும் வந்துட்டான்."

கட்.

5

அடுத்து பெரியப்பா. இவர்கிட்ட சும்மா ஒரு டீட்டெய்லுக்குத்தான் பேசினேன், சத்தியமா.

"அவங்க தப்பா பறிக்கறாங்கன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது பெரியப்பா? அறுவடையிலயா?"

"அன்னைக்கே தெரியும்ல. ஷெட்ல இருந்து வெளிய வாரேன், பாஸ்டர் ஏணில நிக்காரு, கை நிறைய நடுக்காய். பாதித் தோட்டம் முடிஞ்சிட்டு."

"அப்புறம் நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

"எப்டில சொல்ல? லீவு நாளும் அதுவுமா நமக்காக வந்து வெயில்ல நிக்காவ. அவுகளைப் பாத்து தப்புன்னு சொன்னா மூஞ்சி வாடிப் போகும்லா."

"தோட்டமே போயிடுமே பெரியப்பா!"

"ஆமா, போயிரும்."

"அப்ப என்னதான் பண்ணீங்க?"

"நானும் ஒரு ஏணியைப் போட்டு ஏறிட்டேன்."

"ஏறி?"

"பறிச்சேன்."

"எதை?"

"நடுவுல உள்ளதைத்தான். நான் மட்டும் வேற மாதிரி பறிச்சா அவுகளுக்குத் தெரிஞ்சிருமே மக்கா."

இங்கதான் காரை ஓரம் கட்டினேன். நான் ஒரு பொம்பளை மேல சந்தேகப்பட்டு மூணு டிராஃப்ட் போட்டுக்கிட்டு இருக்கேன். இந்த மனுஷன் மரியாதைக்காக தன் தோட்டத்தைத் தானே கெடுத்துட்டு, பிரியாணியும் சாப்பிட்டு, எல்லாரையும் காருக்குள்ள உக்கார வச்சு டாட்டா காட்டியிருக்கார். இவங்க ரெண்டு பேரும் அன்னைக்கு ராத்திரியோ அதுக்கப்புறமோ இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கலியாம். கதையோட வில்லன் யாரு? பாஸ்டரா?

6

பேசிக்கலன்னு சொன்னேனே. ஆனா ஒண்ணு நடந்துச்சு. இதை எனக்குச் சொன்னது அமலி அக்கா. அப்ப சின்னக் குழந்தை, ஆனா அம்மா ஏணில நின்னது ஞாபகம் இருக்காம்.

அடுத்த திங்கள்ல இருந்து ஜெயகுமாரி டியூட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி தோட்டத்துக்குப் போனாங்க. ரோட்டோரம் கடைசி வரிசைக்கு அந்தக் கூட்டத்தோட கை எட்டல. வெள்ளை யூனிஃபார்ம் மேல தேவநேசனோட பழைய சட்டையை மாட்டிக்கிட்டு, நடுக்காயைக் கட்டைவிரலால பொத்தி, மத்ததைத் திருகி, அந்த ஒரு வரிசையை ஒத்தை ஆளா முடிச்சாங்க. தும்மிக்கிட்டே. யாரும் சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. பிடிக்காத வீட்டுத் தோட்டம், தெரியும்ல? காய்ச்சா அங்கயே கிடக்கணும், அதுவும் தெரியும்.

ஏன் செஞ்சாங்க? குத்த உணர்ச்சின்னு எழுதினேன், அழிச்சேன். புருஷன் மேல பாசம்னு எழுதினேன், அழிச்சேன். வேலையே பிடிச்சுப் போச்சோ? இருக்கலாம்.

அக்டோபர்ல காய் இறக்கினாங்க. தோட்டம் முழுக்க எலுமிச்சை சைஸ்ல ஆப்பிள். கடைக்குப் போக லாயக்கில்ல, மொத்தமும் ஜூஸ் பிழியறவன் லாரியில ஏறிச்சு. ரோட்டோர வரிசை மட்டும் சிவப்பா, ஒரு கையில அடங்காம, கடை வாசல்ல அடுக்கி வைக்கற மாதிரி.

மிஸஸ் ஹேகன் அந்த வரிசை பூரா நடந்துட்டு வந்தாங்க.

"இது யார் பண்ணினது?"

தேவநேசன் ஜெயகுமாரியைத் திரும்பிப் பாத்தார். அவருக்கே அப்பத்தான் தெரியும்.

அந்தம்மா ஜெயகுமாரிகிட்ட கேட்டாங்க: "முதல் வருஷம் எல்லாரும் ஏதாவது ஒரு முட்டாள்தனம் பண்ணுவாங்க. இன்னொரு வருஷம் தர்றேன். இருக்கியா?"

ஜெயகுமாரி வாயைத் திறந்தாங்க.

"நோ நோ, தேங்க்யூ," தேவநேசன் முந்திக்கிட்டார். "வி ஆர் மூவிங்."

எடிசன் கூட இல்ல. டெக்சஸ்ல வேலை கிடைச்சு சுகர் லேண்ட் போயிட்டாங்க. நல்ல வீடு, ஜன்னல் எல்லாம் ஒழுங்கா மூடும்.

"அவளுக்கு அந்த வீடு பிடிக்கலன்னு எனக்குத் தெரியும்லா," அப்படிங்கறார் பெரியப்பா. "அவ வாயால வேண்டாம்னு சொல்ல வச்சு, பிறகு அவளை அந்தப் பழியோட விடச் சொல்லுதியா? அதான் நானே சொல்லிட்டேன்." நல்ல மனுஷன். நல்ல மனுஷங்களை வச்சுக் கதை எழுதறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்.

பெரியம்மாவுக்குத் திரும்பப் போன் போட்டு இதை அப்படியே சொன்னேன்.

"என்னைத்தாம்ல கேட்டா அந்தப் பொம்பளை," அப்படின்னாங்க. "என்னைப் பாத்து. நான் என்ன சொல்லப் போறேன்னு இந்த மனுஷன் இன்னைக்கு வரைக்கும் கேக்கல."

"என்ன சொல்லப் போனீங்க பெரியம்மா?"

"நீயும் இப்பத்தான் கேக்க."

கட்.

7

அமலி அக்கா நாளைக்குள்ள கதை வேணும்னு மெசேஜ் போட்டிருக்காங்க. "ஹாப்பி எண்டிங் ப்ளீஸ்." அம்மா வேற: "அக்கா அழுதுட்டு சரின்னு சொன்னதா எழுதிருல, யாருக்குத் தெரியும்?"

எழுதினேன். "இருக்கேன்"னு ஒரு முடிவு. "போதும்"னு ஒரு முடிவு. ரெண்டுமே நல்லாத்தான் வந்திருக்கு, அதுதான் எரிச்சல். ரெண்டுலயும் பேசறது நான். பெரியப்பா செஞ்ச அதே வேலையைத்தான் செய்யறேன், என்ன, கொஞ்சம் இலக்கியமா செய்யறேன். அழிச்சுட்டேன்.

என்னால முடிஞ்சது ஒண்ணே ஒண்ணு. கதை எழுதறவனா எனக்கு இருக்கற பவரை ஒரே ஒரு தடவை யூஸ் பண்ணி, தேவநேசனை லாரிக்காரனோட கணக்குப் பேச ரோட்டுக்கு அனுப்பிட்டேன். சீக்கிரம் திரும்பமாட்டார். ஜூஸ் பிழியறவன் வாயாடி.

அக்டோபர். வரிசைக் கடைசியில ரெண்டு பொம்பளைங்க. மிஸஸ் ஹேகன் கேட்டுட்டு, அவசரமில்லாம நிக்கறாங்க. ஜெயகுமாரி ஆப்பிளைச் சட்டையில துடைச்சுக் கூடையில வச்சுட்டு நிமிர்ந்து பாக்கறாங்க. வாயைத் திறக்கறாங்க.

நான் மைக்கை ஆஃப் பண்றேன். நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்க. அவங்க பேசட்டும்.